முப்பதைத் தாண்டாத மாவட்டம்

மிகைப்பயிற்சி அளவீட்டு மையம் புதுக்கோட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. லிப்ட் இல்லை. அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்கிறவர்களைக் கண்டுபிடிக்கும் இடம் அது. அவ்வளவு படியும் ஏறி வருகிறவர்களை மட்டும் சோதித்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். மாடித் திருப்பம் ஒவ்வொன்றிலும் ஒரு பலகை. முதல் மாடியில் ‘அறிவோம்’. இரண்டாவது மாடியில் ‘அளப்போம்’. மூன்றாவது மாடியில் ‘காலணிகளை வெளியே விடவும்’.

திருமயம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நாகராசு அந்தப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். அவருடைய வலது பாதத்தில் கட்டுப் போட்டிருந்தது. பின்னால் மனைவி அழகம்மாள், ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் முந்தானையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள்.

“மெல்லப் போங்களேன். கட்டு அவுந்துரும்.”

“நீ வா. நீ வர்றதுக்குள்ள நான் ஒருக்கா ஏறி எறங்கிட்டு வாரேன்.”

சொன்னபடியே ஏறி இறங்கினார்.

நாகராசுவுக்குச் சர்க்கரை வந்தபோது, ஊரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஷர்லி, “கொஞ்சம் நடங்க” என்றுதான் சொன்னார். கொஞ்சம் என்ற சொல்லை நாகராசு கொள்முதலில்கூட நம்பியதில்லை. கொஞ்சம் நடந்தால் கொஞ்சம் லாபம், நிறைய நடந்தால் நிறைய லாபம் என்று மொத்த வியாபாரமாக இறங்கிவிட்டார். காலையில் கோட்டையைச் சுற்றினார். பிறகு மாலையிலும் சுற்றினார். பிறகு கடையை அழகம்மாள் தலையில் கட்டிவிட்டு உச்சி வெயிலிலும் சுற்றினார். காய்ச்சலில் நடந்தார். மழை பெய்தால் கடைக்குள்ளேயே எவர்சில்வர் அண்டாக்களுக்கு நடுவில் நடந்தார். கொழுந்தியாள் மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்தை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கல்யாண வீடியோவில் சன்னலுக்குச் சன்னல் அவர் தலை போகிறது. பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் வீணாகிறதே என்று அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பார். பாதி வழியில் பஸ் அவரைத் தாண்டிக்கொண்டு போகும். போனில் அன்றைய நடைக் கணக்கு ஏறாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கடைக்கு வந்து விலை கேட்கிறவர்கள்மேல் எரிந்து விழுவார்.

அதன்பிறகு ஷூ கடித்தது. சுண்டுவிரலுக்கு அடியில் கொப்புளம். சர்க்கரையில் பாதம் மரத்திருந்ததால் வலி தெரியாமல் அதன்மேலேயே நடந்து அதைப் புண்ணாக்கினார். டாக்டர் ஷர்லி கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

“இது ஆறுற வரைக்கும் இந்தக் கால் தரையில படக்கூடாது. பட்டா மொதல்ல விரல் போகும். அப்புறம் பாதம்.”

“படக்கூடாதுன்னா, எத்தனைக்கு மேல படக்கூடாது?”

“எத்தனையும் கூடாதுய்யா.”

எண் இல்லாத பேச்சை நாகராசு பேச்சாகவே மதிப்பதில்லை. கிளினிக்கிலிருந்து வீட்டுக்குச் சுற்று வழியில் நடந்து போனார்.

அந்த வாரம்தான் மையத்தின் விளம்பரம் வந்தது. உங்கள் உடற்பயிற்சி பழக்கமா, நோயா? இலவசமாக அளந்து சொல்கிறோம். முப்பதுக்கு மேல் போனால் நோய். நாகராசு நிமிர்ந்து உட்கார்ந்தார். இங்கே ஓர் எண் இருக்கிறது.

“சரி, ஒரு பேச்சுக்கு வருவோம்” என்றார் மனைவியிடம். “முப்பதுக்கு மேல வந்துச்சுன்னா புண்ணு ஆறுற வரைக்கும் கட்டில விட்டு எறங்க மாட்டேன். வரலன்னா இந்தக் காலப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது.”

“சத்தியம் பண்ணுங்க.”

நாகராசு கல்லாப்பெட்டியின் மேல் கையை வைத்தார். அவர் சாமிமேல் சத்தியம் செய்திருந்தால் அழகம்மாள் நம்பியிருக்க மாட்டாள்.

மையத்தில் அளவையாளர் என்ற பதவியில் சிவரஞ்சனி என்ற பெண் இருந்தாள். உளவியல் படித்தவள். அவள் அப்பா கீழ ராஜ வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் அவளுக்கு அந்தக் கடையில்தான் கழிந்தது. அவள் கேட்க வேண்டியது பத்துக் கேள்விகள். ‘ஒருபோதும் இல்லை’ என்றால் சைபர், ‘எப்போதும்’ என்றால் ஆறு, நடுவே ‘அரிதாக’ இரண்டு, ‘சில சமயம்’ மூன்று, ‘அடிக்கடி’ நாலு. குளிர்தேசத்தில் யாரோ எழுதி, அதை இங்கே யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள்.

“முதல் கேள்வி. ‘என் உடற்பயிற்சி தடைப்படுகையில் நான் எரிச்சலுணர்வால் ஆட்கொள்ளப்படுகிறேன்.’”

“யாரு ஆட்கொள்ளப்படுறா?” என்றார் நாகராசு.

“நீங்கதான்யா. நடக்க முடியலன்னா கோவம் வருமா?”

“ஒருபோதும் இல்ல.”

“எப்போதும்னு போடு பாப்பா” என்றாள் அழகம்மாள். “முந்தாநாளு மழை. குத்துவிளக்கு வாங்க வந்த பொம்பளைய, ‘வெளக்கு வச்சு என்னத்தப் பாக்கப் போறே’ன்னு கேட்டாரு.”

“அது அந்தம்மா கேட்ட வெலைக்குச் சொன்னது.”

“அரிதாகன்னு போடட்டுமாம்மா?”

“அடிக்கடிக்குக் கொறஞ்சு எனக்குக் கட்டாது.”

“பாப்பா, ஒனக்காக வேணா அரிதாகன்னு வச்சுக்க. அதுக்கு மேல ஏறாது.”

சிவரஞ்சனிக்கு இது அன்றைய முதல் கேஸ். போணி. போணிக்கு வந்த ஆளை முகம் கோண விடக்கூடாது, பேச்சை இழுக்கக்கூடாது என்பது பல்கலைக்கழகத்துக்கு முன்பே அவள் படித்த பாடம்.

“ரெண்டு பேருக்கும் வேணாம். சில சமயம். முடிச்சுக்குவோம்” என்று எழுதினாள்.

“‘என் உடற்பயிற்சியைக் குடும்பத்தாரிடமிருந்து மறைக்கிறேன்.’”

“சேச்சே.”

“வெங்காயம் வாங்கப் போறேன்னு போவாரு. இங்கிட்டு எறங்கி அங்கிட்டு கோட்டையச் சுத்திட்டு வெறுங்கையா வருவாரு.”

“வெங்காயம் கெடைக்கலம்மா.”

“வெங்காயக் கடை நம்ம கடைக்கு எதுத்தாப்புல இருக்கு, பாப்பா.”

“சில சமயம்” என்றாள் சிவரஞ்சனி.

பத்துக் கேள்விக்கும் கணவன் இறக்கினார், மனைவி ஏற்றினாள், பெண் நடுவில் வெட்டினாள். நம் பக்கத்தில் முதலில் சொல்கிற விலையை யாரும் விலையாக எடுத்துக்கொள்வதில்லை என்பது கேள்வியை எழுதிய குளிர்தேசத்தாருக்குத் தெரிய நியாயமில்லை. கூட்டிப் பார்த்தபோது சரியாக முப்பது வந்தது.

“முப்பதுன்னா?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“மேல போனா நோய். கீழ வந்தா ஆரோக்கியம். முப்பதேன்னா ‘உற்றுநோக்கல்’. டைரக்டர் சார் வந்து சொல்வாங்க.”

டைரக்டர் கோபிநாத் வந்தார். பெயர்ப்பலகையில் அவர் டாக்டர் என்றிருந்தது. எதற்கு டாக்டர் என்று இல்லை. அவர் ஊசியும் போட்டதில்லை, நாடியும் பார்த்ததில்லை. புள்ளிவிவரத்தில் பட்டம் வாங்கியவர். நோயாளிகளைப் பார்த்தால் அவர் முகத்தில், நல்ல சரக்கைக் கண்ட தரகனின் பிரகாசம் வரும்.

“அருமையான முப்பது” என்று அவர் நாகராசுவின் கையைக் குலுக்கினார். “இப்படியே வச்சுக்கணும். அடுத்த அளவீடு வரைக்கும் பழக்கத்துல ஒரு மாத்தமும் கூடாது. எவ்வளவு நடக்குறீங்களோ அவ்வளவும் நடக்கணும்.”

நாகராசு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த லாபத்துக்கு வரி போட முடியாது.

“சார், கால்ல புண்ணு” என்றாள் அழகம்மாள். “காலத் தரையில வச்சா வெரல எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. நீங்க உக்காருங்கன்னு ஒரு வார்த்த சொன்னா கேட்டுக்குவாரு.”

“அதாம்மா பிரச்சினை. நான் சொன்னா உக்காந்துருவாரு. உக்காந்துட்டா எதை அளக்குறது? துணிய அளக்கும்போது யாராவது கத்திரி வைப்பாங்களா?”

“புண்ணு சார்.”

“புண்ணு வேற துறை. எங்க பத்துக் கேள்வியில கால் பத்தி ஒண்ணும் இல்ல. நானே ஒரு கேள்வி சேத்தா அளவுகோல் கெட்டுரும்மா. அது உலகத்தரம்.”

“அப்ப வைத்தியம் எப்ப சார் பண்ணுவீங்க?”

கோபிநாத் முதல் முறையாக வருத்தப்பட்டார். “எல்லாரும் இதையே கேக்குறாங்க. நாங்க அளவீட்டு மையம்மா. தராசு வச்சிருக்கிற கடையில போயி, பசிக்குது, சோறு போடுன்னா எப்படி?”

பிறகு நாகராசுவின் மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கைக்கடிகாரத்தைத் தானே கட்டிவிட்டார். அசைவையெல்லாம் அது மையத்துக்கு அனுப்பும்; அடுத்த அளவீட்டில் அதுவும் கணக்கில் சேரும். அசையாமல் இருந்தால் கத்தும். தகவலில் இடைவெளி விழக்கூடாதாம்.

அது கத்திய கத்து இருக்கிறதே! சாப்பிட உட்கார்ந்தால் கத்தியது. சாமி கும்பிட்டு நின்றால் கத்தியது. நாகராசு தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்தில் நடந்தபடியே சாப்பிட ஆரம்பித்தார். இத்தனை நாளும் திருட்டுத்தனமாக நடந்தவர், இப்போது ஆபீஸ் காரியமாக நடந்தார். வழியில் யாராவது, “என்னண்ணே, கால் கட்டோட?” என்று கேட்டால், மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, “டைரக்டர் சொல்லிட்டாரு. நம்ம கையில இல்ல” என்றார்.

டாக்டர் ஷர்லி கடைக்கே வந்து பார்த்தார். புண் அகன்றிருந்தது. “யாருய்யா ஒங்கள நடக்கச் சொன்னது?” என்றார். நாகராசு மையத்தின் பெயரைச் சொன்னார். “நான் சொன்னேன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?” “சொன்னா, நீங்க வேற துறையாம்” என்றார் நாகராசு, கடையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டே.

அழகம்மாள் யோசித்தாள். முப்பதைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதானே? கடிகாரம் அவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று என்ன? ஒரு காலையில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, புதுக்கோட்டை பஸ் கண்டக்டர் பிச்சையிடம் அதைக் கொடுத்து, “கையில கட்டிக்கங்கண்ணே, சாயங்காலம் குடுத்தாப் போதும்” என்றாள். அன்று முழுக்க நாகராசுவின் அசைவுகள் நெடுஞ்சாலையில் போய் வந்தபடி இருந்தன. அசல் நாகராசு, தொலைந்துபோன கைக்கடிகாரத்தைத் தேடிக்கொண்டு வழக்கத்தைவிட அதிகமாக ஊரைச் சுற்றினார்.

இரண்டாம் அளவீட்டுக்கு அழகம்மாள் நம்பிக்கையோடு படி ஏறினாள். சிவரஞ்சனி கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“ஐயா ஒரு நாள் லாரியெல்லாம் முந்திருக்காரும்மா.”

“ஆமா பாப்பா. அவரு அப்படித்தான். அடக்க முடியல.”

“ஆனா முப்பதுதான் வருது.”

“எப்புடி?”

“எல்லாரும் கூட்டிச் சொல்றாங்க, கொறச்சுச் சொல்றாங்கன்னு சார் சாப்ட்வேர்ல ஒரு வழி பண்ணி வச்சிருக்காரு. ஏறுனத வெட்டும், எறங்குனதத் தூக்கும். நடுவுல கொண்டாந்து நிறுத்திரும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ரெண்டாயிரம் பேருக்கு மேல அளந்துட்டோம்மா. எல்லாருக்கும் முப்பது. வீட்டுக்கு வீடு வெலை பேசித்தான் பதில் சொல்றாங்க, அதான் இப்படி வருதுன்னு சார்கிட்ட சொன்னேன். ‘இல்ல, இது கண்டுபிடிப்பு’ன்னுட்டாரு.”

கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவிக்கத் திருமயம் கோட்டை முன்னால் பந்தல் போட்டார்கள். பேனரில், ‘மிகை ஓட்டம் தவிர்ப்போம்! மாபெரும் விழிப்புணர்வு ஓட்டம்!’ என்று எழுதியிருந்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு உண்டு என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். முழுத் தூரமும் ஓடி முடித்தால்தான் சான்றிதழ், நடுவில் நின்றால் கிடையாது. கொடி பிடித்து முன்னால் ஓட நாகராசுவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எத்தனை முறை அளந்தாலும் முப்பதிலேயே நிற்கிற மனிதர் அவர்.

கோபிநாத் மைக்கைப் பிடித்தார்.

“உலகமெங்கும் மனிதர்கள் அளவுக்கு மீறுகிறார்கள். அல்லது அளவுக்குக் குறைகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் மட்டும் மீறவும் இல்லை, குறையவும் இல்லை. ஆணும் முப்பது, பெண்ணும் முப்பது. கட்டிலோடு கிடக்கும் ஒரு பெரியவரையும் அளந்தோம், முப்பது. (கைதட்டல்.) எங்கள் மையத்தால் யாராவது குணமானார்களா என்று சிலர் கேட்கிறார்கள். நோயே முப்பதுக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. அதைத் தாண்ட நாங்கள் யாரையும் அனுமதிக்கவில்லை. இதைவிட என்ன சாதனை வேண்டும்? அளவோடு ஓடுங்கள் என்று சொல்வதற்காகவே இன்று நாம் ஓடுகிறோம். யாரும் நிற்காதீர்கள்.”

அழகம்மாள் மேடையருகே போய் அவர் கால்சட்டையை இழுத்தாள்.

“சார், அவரு கட்டுல நீர் வடியுது. இந்த ஒரு ஓட்டத்த விட்டுரச் சொல்லுங்க.”

கோபிநாத் குனிந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “அம்மா, அவரு தனிமனுசர் இல்ல, சராசரி” என்றார். பிறகு நிமிர்ந்து கொடியை அசைத்தார்.

நாகராசு முன்னால் ஓடினார். கோட்டையைச் சுற்றி முடித்தபோது அவருடைய வலது ஷூ தரையில் சிவப்பு அச்சு வைத்துக்கொண்டு வந்தது. அவருக்கு அது தெரியவில்லை. பின்னால் வந்த பிள்ளைகள் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தார். ஷூவைக் கழற்றியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று ஒரு தொண்டர், “ஓட்டம் உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளித்தது?” என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சுண்டுவிரலை எடுத்தார்கள்.

டாக்டர் ஷர்லி பார்க்க வந்தவர் அழகம்மாளைத் தனியே கூப்பிட்டார். “விரலோட நிக்குதுன்னு நெனைக்காதீங்கம்மா. இன்னொரு தடவ இந்தக் கால ஊனுனா அடுத்தது பாதம்தான்.” அழகம்மாள் வார்டுக்குத் திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. நாகராசு குதிகாலை ஊன்றி வராந்தாவின் மறுகோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

“பாத்ரூமுக்கு” என்றார்.

“பாத்ரூம் இந்தப் பக்கம்.”

“நம்ம பேச்சு பேச்சுதான், அழகு. முப்பதுக்கு மேல வரல.”

அழகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். என்ன விலை பேசியும் இந்த மனிதரை அவரிடமிருந்தே வாங்க முடியவில்லையே என்று அன்று முதல்முறையாக அவளுக்கு அழுகை வந்தது.

இரண்டு நாளில் கோபிநாத் வந்தார். கூட சிவரஞ்சனியும், போட்டோகிராபர் ஒருவரும், ஒரு பொன்னாடையும். கட்டிலில் கிடந்த நாகராசுவைப் பார்த்த டைரக்டரின் கண்ணில் நீர் நின்றது.

“நடக்கல. ஓடல. அசையல. முழு நிறுத்தம்! ஐயா, எங்க மையம் ஆரம்பிச்சதுல இருந்து முதல் குணம் நீங்கதான். ரஞ்சனி, சைபர் போட்டுரு. போட்டோ எடுத்துட்டுக் கெளம்புவோம்.”

“கேள்வி கேக்காமப் போட முடியாது சார்.”

“கேளு, கேளு. எல்லாம் ஒருபோதும் இல்லதான்.”

நாகராசு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அவர் முகம் மாறிவிட்டது.

“சைபரா? யாருக்குச் சைபர்?”

“ஒங்களுக்குத்தான்யா. நல்ல விசயந்தானே?”

“என்ன நல்ல விசயம்? இந்த வட்டாரத்துல என்னை மாதிரி நடந்தவன் ஒருத்தனக் காட்டுங்க. கொடி புடிச்சு முன்னால ஓடுனவன் நான். படுத்த கெடையா இருக்கான்னு ஒரே போடாச் சைபரா? ஊருல தெரிஞ்சா என்ன நெனைப்பான்? கேளும்மா. எரிச்சல் கேள்வியக் கேளு.”

“நடக்க முடியலன்னா எரிச்சல் வருமாய்யா?”

“எப்போதும்! ராத்திரியெல்லாம் பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கேன்.”

சிவரஞ்சனி வழக்கம்போல அழகம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். எதிர்விலை வர வேண்டும். வந்தால் நடுவில் வெட்டலாம். அழகம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். எதிராளி தனக்கு எதிராகத் தானே விலையை ஏற்றிக்கொண்டு போகும்போது குறுக்கே பேசுகிறவர்கள் கடை நடத்த லாயக்கில்லாதவர்கள். அவள் சன்னல் வழியாக வெளியே ஒரு வேப்பமரத்தை மிகுந்த ஆர்வத்தோடு பார்த்தாள்.

நடுவில் வெட்ட ஆள் இல்லாமல் சிவரஞ்சனி ஆறு போட்டாள்.

“மறைக்கிறீங்களா?”

“காலையில வராந்தாவுல மூணு நடை. இவளுக்குத் தெரியாது. எப்போதும்னு போடு.”

“ஐயா, யோசிச்சு...” என்றார் கோபிநாத்.

“நீங்க சும்மா இருங்க சார். அடுத்தது.”

பத்துக் கேள்வியையும் நாகராசு பிடித்து மேலே தள்ளினார். கேட்காத கேள்விக்கும் இரண்டு பதில் சொன்னார். கல்யாண மண்டபச் சன்னல்கள், அண்டாக்கள், வெங்காயம், எல்லாம் வெளியே வந்தன. சிவரஞ்சனி கையால் கூட்டினாள். ஆஸ்பத்திரியில் சாப்ட்வேர் இல்லை.

“அம்பத்தெட்டு” என்றாள்.

நாகராசு தலையணையில் சாய்ந்தார். கொள்ளை லாபம் பார்த்தவர் முகம்.

“முப்பதுக்கு மேலங்க” என்றாள் அழகம்மாள், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாகராசு மனைவியைப் பார்த்தார், சிவரஞ்சனியைப் பார்த்தார், கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். தொழிலில் அவர் எத்தனையோ பேரைக் கவிழ்த்திருக்கிறார். கவிழ்க்கப்படுகிறவர் முகம் உள்ளேயிருந்து எப்படி இருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது. வலது காலை இரண்டு கையாலும் தூக்கித் தலையணைமேல் வைத்தார்.

“இது செல்லாது!” என்றார் கோபிநாத். “குணமானவருக்கு எப்படி அம்பத்தெட்டு வரும்? மேலிடத்துக்கு ‘முழுக் குணம்’னு அனுப்பியாச்சு. ஐயா, கொஞ்சம் ஒத்துழைங்க. எழுந்து, சிரிச்ச முகமா, ரெண்டே ரெண்டு அடி எடுத்து வச்சு இப்படி வாங்க. குணமானவர் மாதிரி. ஒரு போட்டோ.”

“ஒரு அடியும் கெடையாது” என்றார் நாகராசு. “நான் நோயாளி. அம்பத்தெட்டு.”

கோபிநாத் சிவரஞ்சனியைப் பார்த்தார். அவள் பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். அழகம்மாளைப் பார்த்தார், அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். போட்டோகிராபர் அடுத்து ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டும் என்றார்.

வேறு வழியில்லாமல், பொன்னாடையைத் தானே போர்த்திக்கொண்டு, கோபிநாத் சிரித்த முகமாக இரண்டு அடி நடந்தார். படம் நன்றாக வந்தது.